பல்கலைக்கழகங்கள் நடத்தும் மருத்துவ ஆய்வுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவக் கல்லூரி ஒன்றில், ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில், மருத்துவம் படிக்காத பொது உறுப்பினராகச் சில ஆண்டுகளாக இருந்து வருகிறேன். ஆய்வில் சேர அழைக்கப்பட்ட நோயாளிகளும் அவர்களுடைய வீட்டாரும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தாம். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்து நிறுவனங்கள் தம் சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவர நடத்தும் ஆய்வுகளை இங்கே விட்டுவிட்டு, பல்கலைக்கழகமோ மருத்துவக் கல்லூரியோ தானே பொறுப்பேற்று நடத்தும் ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். விதிகள் என்று வரும் இடங்களில் இந்திய விதிகளையே சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் பல நாடுகளிலிருந்து வருகின்றன.

ஆய்வு என்கிறார்கள், வைத்தியம் என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வைத்தியத்தில் மருத்துவருக்கு ஒரே நோக்கம்தான் உண்டு. அது உங்கள் உடல் தேறுவது. ஆய்வில் அந்த நோக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இனி வரப்போகும் நோயாளிகளுக்கு எந்த சிகிச்சை நல்லது என்ற கேள்விக்கு நம்பத்தகுந்த விடை காண வேண்டும் என்பதே அது. அதனால் யாரைச் சேர்ப்பது, எந்த மருந்தை எந்த அளவில் தருவது, எந்த நாளில் எதை அளந்து பார்ப்பது என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி முடிவு செய்யப்படுகின்றன. அந்த எழுத்துக்கு ஆய்வுத் திட்டம் என்று பெயர்.

உங்கள் உடல்நிலைக்கு அந்தத் திட்டம் ஒத்துவரவில்லை என்றால் மருத்துவர் உங்களை அதிலிருந்து விடுவித்து வழக்கமான சிகிச்சைக்குக் கொண்டுவர வேண்டும். ஆனாலும் இரண்டு நோக்கங்களும் சேர்ந்தே இருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டுதான் கையெழுத்திட வேண்டும். "டாக்டர் எனக்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஸ்பெஷல் மருந்து" என்று நம்பிக்கொண்டு ஆய்வில் சேர்ந்தவர்களைச் சந்தித்திருக்கிறேன். அப்படி ஒருவர் நம்பியிருந்தால் அவருக்குச் சரியாக விளக்கப்படவில்லை என்றே பொருள்.

யுனிவர்சிட்டி ஸ்பான்சர் என்றால், யுனிவர்சிட்டி பணம் போடுகிறது என்று அர்த்தமா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. மருத்துவ ஆய்வில் ஸ்பான்சர் என்பவர் பொறுப்பாளி. ஆய்வைத் திட்டமிடுவது, அனுமதி பெறுவது, பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கவனிப்பது, தகவல்களைக் காப்பது, தீங்கு நேர்ந்தால் பதில் சொல்வது ஆகிய எல்லாம் அவரைச் சேரும். பணம் வேறு இடத்திலிருந்து வரலாம். கொரோனா காலத்தில் பல மருந்துகளைத் தனித்தனிப் பிரிவுகளாகச் சோதித்துப் பார்க்கப் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வுக்கு ஸ்பான்சர் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம். பணம் பிரிட்டிஷ் அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்புகளிடமிருந்து வந்தது.

இந்தியாவில் மருத்துவர் ஒருவர் தாமாகத் தொடங்கும் ஆய்வில், அது நடக்கும் கல்வி நிறுவனமே ஸ்பான்சரின் கடமைகளை ஏற்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் சொல்கின்றன. பணம் யாருடையது என்பது உங்களுக்குத் தரப்படும் தகவல் தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

மருந்துக் கம்பெனிகள் இருக்கும்போது பல்கலைக்கழகம் எதற்கு இந்த வேலையைச் செய்ய வேண்டும்?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும். டிரனெக்சாமிக் அமிலம் என்றொரு மருந்து இருக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த உட்டாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ என்ற தம்பதி 1960களில் கண்டுபிடித்தது. இரத்தக் கசிவைக் குறைப்பது. விலை குறைவு, காப்புரிமைக் காலமும் எப்போதோ முடிந்துவிட்டது. விபத்தில் அடிபட்டு இரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கு இதைக் கொடுத்தால் உயிர் பிழைப்பாரா என்று கண்டறிய ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெருஞ்செலவு செய்து விடை கண்டாலும் மலிவான பழைய மருந்தில் யாருக்கும் பெரிய லாபம் கிடைக்காது என்பதால் அந்தக் கேள்வி கேட்பாரற்றுக் கிடந்தது. லண்டன் சுகாதார மற்றும் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி அதைக் கையில் எடுத்து, கிராஷ் 2 என்ற ஆய்வை இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் நடத்தியது. 20,211 பேர் பங்கேற்றார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, வெற்று மருந்து (பார்வைக்கு மருந்துபோலவே இருந்தாலும் உள்ளே மருந்து இல்லாதது) பெற்றவர்களில் 16.0 விழுக்காட்டினர் இறந்தார்கள். டிரனெக்சாமிக் அமிலம் பெற்றவர்களில் 14.5 விழுக்காட்டினர். நூறு பேரில் ஒன்றிரண்டு உயிர் என்பது சிறியதாகத் தெரியலாம். உலகம் முழுவதும் சாலை விபத்துகளில் அடிபடுவோரின் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அருமை விளங்கும். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இந்தப் பயன்பாட்டுக்காக அதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

"இதைவிடக் குறைவாகக் கொடுத்தால் போதாதா?" என்பதும் விற்பவர் கேட்காத கேள்விதான். மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் முற்றிய நோயாளிகள் 151 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தியது. நிவோலுமாப் என்ற மிக விலையுயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் வீதம், மற்ற மருந்துகளோடு சேர்த்து ஒரு பிரிவினருக்குக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் அது இல்லாத பிரிவில் 16.3 விழுக்காடு, அது பெற்ற பிரிவில் 43.4 விழுக்காடு. முழு அளவும் குறைந்த அளவும் சமம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை, ஏனெனில் முழு அளவோடு அது ஒப்பிடப்படவில்லை. ஆனால் முழு அளவை வாங்க வழியே இல்லாத நோயாளிக்கு, ஒன்றுமில்லாததைவிட இந்தச் சிறு அளவு மிக மேலானது என்பதை அது காட்டியது. இத்தகைய கேள்விகளைக் கேட்க ஆள் வேண்டும் என்பதற்காகவே பல்கலைக்கழக ஆய்வுகள் தொடர வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்களைச் சோதனை எலி மாதிரி வைத்துப் பார்க்கிறார்களா?

இந்த அச்சத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஏழைகளிடமும் கைதிகளிடமும் சொல்லாமல் கொள்ளாமல் சோதனை நடத்திய வரலாறு உலகில் உண்டு. இன்றைய விதிகள் பல அந்தக் கொடுமைகளுக்குப் பின்னரே வந்தன. இன்று உங்கள் ஒப்புதல் இல்லாமல் உங்களை ஓர் ஆய்வில் சேர்ப்பது விதிமீறல். என்ன செய்யப்போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளவும், வேண்டாம் என்று சொல்லவும், சேர்ந்த பின் விலகவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, கல்விசார் ஆய்வு என்று சொல்லப்படுவதில் பயன்படும் மருந்து ஏற்கெனவே ஏதேனும் ஒரு நோய்க்கு அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். வேறு நோய்க்கு, வேறு அளவில், வேறு வழியில் கொடுத்துப் பார்ப்பதுதான் அங்கே புதியது. மனித உடலுக்குள் முதன்முதலாகச் செல்லும் மருந்து இந்த வகையில் வராது. அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. பழகிய மருந்தும் புதிய நோயில் எதிர்பாராத தீங்கைச் செய்யக்கூடும்.

இதற்கெல்லாம் யார் அனுமதி கொடுக்கிறார்கள்?

நெறிமுறைக் குழு. குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். மருத்துவர்களோடு ஒரு சட்டம் படித்தவர், ஒரு பொது உறுப்பினர், ஒரு பெண் உறுப்பினர் கட்டாயம். உறுப்பினர்களில் பாதிப்பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும்; தலைவரும் வெளியிலிருந்தே வர வேண்டும். விற்பனைக்கான புதிய மருந்து ஆய்வுகளுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும் தேவை. மேலே சொன்ன கல்விசார் ஆய்வுகளுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலே போதும்; அவற்றின் முடிவை வைத்து மருந்தை விளம்பரம் செய்யக் கூடாது. இது கல்விசார் ஆய்வுதானா, மறைமுகமாக விற்பனை அனுமதிக்கான ஆய்வா என்று குழுவுக்கு ஐயம் எழுந்தால் மத்திய அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆகவே, பல்கலைக்கழக ஆய்வுகளில் நெறிமுறைக் குழுவின் சுமை கூடுதல். அந்தக் குழு சோம்பலாக இருந்தால் நோயாளிக்கு வேறு காவல் குறைவு. தகவல் தாளின் இறுதியில் குழுவின் தொலைபேசி எண் அச்சிடப்பட்டிருக்கும். அது அலங்காரத்துக்கு இல்லை. ஆய்வு செய்யும் மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் எதையும் அந்த எண்ணில் கேட்கலாம்.

பத்துப் பக்கத்துக்குப் படிவம் கொடுத்தார்கள். அதில் எதைப் பார்க்க வேண்டும்?

அது இரண்டு பகுதியாக இருக்கும். முதலில் தகவல் தாள், கடைசியில் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம். தகவல் தாளில் முதலில் தேட வேண்டியது ஆய்வின் கேள்வி. "இந்த மருந்தால் இன்னது குறைகிறதா என்று பார்க்கிறோம்" என்று ஒரே வாக்கியத்தில் அது புரிய வேண்டும். அடுத்து, வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதலாக உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பது: எத்தனை முறை வர வேண்டும், எவ்வளவு இரத்தம் எடுப்பார்கள், ஸ்கேன் உண்டா. எங்கள் குழுவில் "5 மி.லி. இரத்தம்" என்று எழுதிவந்தால் "ஒரு தேக்கரண்டி அளவு" என்றும் சேர்க்கச் சொல்வோம். பிறகு, சேராவிட்டால் என்ன சிகிச்சை கிடைக்கும், தெரிந்த பக்கவிளைவுகள் எவை, தீங்கு நேர்ந்தால் யார் செலவு, இரவில் அழைக்க எந்த எண் என்று பாருங்கள்.

கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயர், கையெழுத்து அல்லது கைநாட்டு, தேதி ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருக்கும். தேதியைக் கையெழுத்திடுபவரே எழுத வேண்டும். வேறொருவர் முன்கூட்டியே நிரப்பி வைத்திருந்தால் அது தவறு. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முழு நேரமும் உடனிருந்து, எல்லாம் படித்துக் காட்டப்பட்டதைக் கேட்ட பிறகே தாமும் கையெழுத்திட வேண்டும். படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். அவசர சிகிச்சை இல்லாத ஆய்வென்றால் வீட்டுக்கு எடுத்துச் சென்று, வீட்டில் பேசி, மறுநாள் வந்து சொல்லலாம். "இப்பவே போடுங்கம்மா, ஓ.பி. முடியப்போகுது" என்று அவசரப்படுத்தினால் அன்று கையெழுத்திட வேண்டாம்.

குலுக்கல் போட்டு மருந்து கொடுப்பார்களாமே? எது நல்லது என்று டாக்டருக்கே தெரியாதா?

தெரியாது. அதுதான் நிபந்தனையே. இரண்டில் எது நல்லது என்று உறுதியாகத் தெரிந்திருந்தால், மற்றொன்றை யாருக்கும் கொடுக்க நெறிமுறைக் குழு அனுமதிக்கக் கூடாது. 2020இல் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து கொரோனாவுக்கு நல்லது என்று உலகெங்கும் மருத்துவர்கள் நம்பிக் கொடுத்தார்கள். ரெக்கவரி ஆய்வில் குலுக்கல் முறையில் அது பெற்ற 1,561 பேரையும் பெறாத 3,155 பேரையும் ஒப்பிட்டபோது, 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் பெற்றவர்களில் 27.0 விழுக்காடு, பெறாதவர்களில் 25.0 விழுக்காடு. பலன் இல்லை. நம்பிக்கைக்கும் அறிவுக்கும் இடையே இருந்த தொலைவை அந்தக் குலுக்கல் காட்டிக் கொடுத்தது.

மருத்துவரே தேர்ந்தெடுத்தால் என்ன என்று கேட்கலாம். நோய் முற்றியவருக்குப் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்றோ, தேறக்கூடியவருக்குக் கொடுக்கலாம் என்றோ மனம் சாயும். பிறகு கிடைக்கும் முடிவு மருந்தாலா, ஆளாலா என்று பிரிக்க முடியாது. கிராஷ் 2 ஆய்வில் தொலைபேசி வசதி இல்லாத மருத்துவமனைகளுக்கு, எட்டு மருந்துப் பொதிகள் கொண்ட பெட்டிகளை அனுப்பினார்கள். எண்ணைத் தவிரப் பொதிகளில் எந்த வேறுபாடும் இருக்காது. நோயாளி வந்ததும் மீதியுள்ளவற்றில் மிகக் குறைந்த எண்ணுள்ள பொதியை எடுக்க வேண்டும். உள்ளே மருந்தா, வெற்றுக் கரைசலா என்பது எடுப்பவருக்கும் தெரியாது.

அப்படியென்றால் வெற்று மருந்து கொடுத்து ஏமாற்றிவிடுவார்களா?

வெற்று மருந்து கிடைக்கக்கூடும் என்பதை முன்பே சொல்லி, ஒப்புதல் வாங்கிய பிறகுதான் கொடுக்க முடியும். ஆகவே அதில் ஏமாற்று இல்லை. நல்ல சிகிச்சை இருக்கும் நோயில் அதை நிறுத்திவிட்டு வெற்று மருந்தை மட்டும் கொடுப்பதும் முறையாகாது. பெரும்பாலும் எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை முழுமையாகக் கிடைக்கும்; அதற்கு மேல் ஒரு பிரிவினருக்கு ஆய்வு மருந்தும், மற்றவர்களுக்கு வெற்று மருந்தும் சேரும். கிராஷ் 2இல் இரு பிரிவினருக்கும் இரத்தம் ஏற்றுவதும் அறுவை சிகிச்சையும் தேவைக்கேற்ப நடந்தன. ரெக்கவரியில் வெற்று மருந்தே பயன்படவில்லை. அவசரம் ஏற்பட்டால், நீங்கள் பெற்றது எது என்று உடனே திறந்து பார்க்கவும் ஏற்பாடு இருக்கும்.

காசு கட்ட வேண்டுமா? அவர்கள் பணம் தருவார்களா?

ஆய்வுக்காகவே செய்யப்படும் எதற்கும் நீங்கள் பணம் கட்டக் கூடாது. ஆய்வில் இல்லாவிட்டாலும் உங்களுக்கு ஆகியிருக்கக்கூடிய வழக்கமான சிகிச்சைச் செலவு வேறு; அது அந்த மருத்துவமனையின் முறைப்படி இருக்கும். பயணச் செலவும், இழந்த கூலிக்கு ஈடாக ஒரு தொகையும் தரலாம். ஆசை காட்டி இழுக்கும் அளவுக்கு அது இருக்கக் கூடாது என்பதால் அந்தத் தொகையையும் நெறிமுறைக் குழு பார்த்தே ஒப்புக்கொள்ளும்.

நடுவில் விலகினால் டாக்டர் கோபித்துக்கொள்வாரே?

விலகலாம்; காரணம் சொல்ல வேண்டியதில்லை. விலகியதற்காக உங்கள் சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் உடலுக்குக் கேடு வரும். அதுவரை சேகரித்த தகவல்களை என்ன செய்வார்கள் என்பது தகவல் தாளில் இருக்கும்.

ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு?

ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் அதற்கான மருத்துவச் செலவை ஸ்பான்சர் ஏற்க வேண்டும். புதிய மருந்து ஆய்வுகளுக்கு 2019 விதிகள் இதை விரிவாக வகுத்திருக்கின்றன. கடுமையான பாதிப்பை ஆய்வாளர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அது ஆய்வோடு தொடர்பில்லாதது என்று நிறுவப்படும் வரை, தேவைப்படும் காலம் முழுதும் இலவசச் சிகிச்சை தர வேண்டும். நிலையான பாதிப்புக்கும் மரணத்துக்கும் வயதையும் நோயின் தீவிரத்தையும் கொண்டு இழப்பீடு கணக்கிடப்படும். பல்கலைக்கழக ஆய்வில், ஸ்பான்சர் பற்றிய விடையில் சொன்னபடி, அந்த நிறுவனமே பொறுப்பு. காப்பீடு, தனி நிதி, ஆராய்ச்சி மானியம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் மூலம் அது முன்னேற்பாடு செய்திருக்க வேண்டும்.

உண்மையைச் சொன்னால், பல்கலைக்கழக ஆய்வுகளின் பலவீனமான இடம் இதுதான். நிறுவனத்தின் கையில் பணம் குறைவு. ஆகவே "இழப்பீடு எங்கிருந்து வரும்?" என்று நேராகக் கேளுங்கள். ஒப்புதல் படிவத்தில் உங்கள் சட்ட உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி இருந்தால் கையெழுத்திட வேண்டாம். அப்படி ஒரு வரி இருக்கவே கூடாது.

நோயாளி குழந்தை, அல்லது நினைவில்லாமல் கிடக்கிறார். அப்போது யார் சம்மதம் சொல்வது?

குழந்தைக்குப் பெற்றோர் ஒப்புதல் தர வேண்டும். அதோடு, 7 வயதிலிருந்து 12 வயது வரை குழந்தையிடமே எளிமையாக விளக்கி வாய்மொழியாகவும், 12க்கு மேல் 18 வரை எழுத்திலும் இசைவு பெற வேண்டும். குழந்தை திட்டவட்டமாக மறுத்தால் அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும்; இதை வெறும் சடங்காகச் செய்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நினைவில்லாதவருக்குச் சட்டப்படி உரிய உறவினர் ஒப்புதல் தரலாம். கிராஷ் 2 போன்ற ஆய்வில் நோயாளிக்கு நினைவு இருக்காது, உறவினரும் வந்து சேர்ந்திருக்க மாட்டார், ஆனால் மருந்தைத் தாமதிக்க முடியாது. இத்தகைய நிலையில் என்ன செய்வது என்பதை அந்தந்த ஊர் நெறிமுறைக் குழுவே முன்கூட்டி முடிவு செய்தது.

பி.ஜி. டாக்டர் தன் தீசிஸுக்காகக் கேட்கிறார். இதுவும் அதே மாதிரிதானா?

மருத்துவ மேற்படிப்பு மாணவர்கள் ஆய்வேடு எழுத வேண்டும் என்பதால், பெரிய மருத்துவக் கல்லூரிக்குச் செல்பவர்களை இப்படிக் கேட்பது வழக்கம். பழைய பதிவேடுகளைப் பார்ப்பது, சில கேள்விகள் கேட்பது என்ற அளவில் இருந்தால் உங்களுக்குச் சிரமம் குறைவு. மருந்தை மாற்றிக் கொடுத்து ஒப்பிடுவதென்றால், மேலே சொன்ன எல்லா விதிகளும் இதற்கும் பொருந்தும். மாணவர் என்பதற்காகச் சலுகை இல்லை.

ஆனால் இங்கே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கத் தகும்: "இத்தனை பேரை வைத்து விடை கிடைக்குமா?" மேலே கண்ட டிரனெக்சாமிக் அமிலத்தின் பலனை நாற்பது பேரை வைத்து ஒருபோதும் கண்டுபிடித்திருக்க முடியாது. விடை தர முடியாத அளவுக்குச் சிறிய ஆய்வில் நோயாளிக்குச் சிறிதளவு ஆபத்து இருந்தாலும் அது வீண். சேர்ப்பவர்களின் எண்ணிக்கையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று மாணவரிடம் நீங்கள் கேட்டால், அவருக்கும் அது நன்மைதான்.

லாப நோக்கம் இல்லாத பல்கலைக்கழகம் என்றால் நேர்மையாகத்தானே இருக்கும்?

பெரும்பாலும் இருக்கும், எப்போதும் என்று சொல்ல முடியாது. 1999இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த மரபணு சிகிச்சை ஆய்வில், ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயது இளைஞர் உயிரிழந்தார். அவருக்கு இருந்த பரம்பரைக் கல்லீரல் குறைபாடு உணவுக் கட்டுப்பாட்டாலும் மருந்தாலும் சமாளிக்கக்கூடியதாக இருந்தது. எதிர்காலத்தில் குழந்தைகளுக்கு உதவும் என்று எண்ணியே சேர்ந்தார். குரங்குகளிடம் செய்த முந்தைய சோதனைகளில் சில குரங்குகள் இறந்த செய்தி அவர் கையெழுத்திட்ட படிவத்தில் இல்லை. அந்தத் துறையோடு தொடர்புடைய தனியார் நிறுவனம் ஒன்றில் ஆய்வுத் தலைவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் பங்கு இருந்தது. 2005இல் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டில் பல்கலைக்கழகம் 5 லட்சம் டாலருக்கு மேல் செலுத்தியது.

பணம் தவிர, பெயரும் பதவி உயர்வும்கூட ஒருவரை ஒரு பக்கம் சாய்க்கும். அதனால்தான் ஆய்வாளருக்கு அந்த மருந்தில் ஏதேனும் சொந்த ஆதாயம் உண்டா என்பதைக் குழுவிடம் எழுத்தில் தர வேண்டும் என்கிறோம். நீங்களும் கேட்கலாம்.

ஆய்வை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆபத்து ஏதாவது வந்ததா?

வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பெரிய ஆய்வுகளில், ஆய்வாளர்களுக்குக் கட்டுப்படாத தனிக் குழு ஒன்று அவ்வப்போது தகவல்களைத் திறந்து பார்க்கும். ஒரு பிரிவினருக்குத் தெளிவான தீங்கோ, தெளிவான நன்மையோ தெரிந்தாலும், இனி நடத்தினாலும் பயன் தெரியப்போவதில்லை என்றாலும் அது சொல்லிவிடும். ரெக்கவரியில் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பிரிவு 2020 ஜூன் 5ஆம் தேதி பலனில்லை என்பதால் நிறுத்தப்பட்டது. மூன்று நாள் கழித்து டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் பிரிவிலும் ஆள் சேர்ப்பு முடிந்தது. அங்கே காரணம், விடை காணப் போதுமானவர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்பதுதான். உங்கள் ஆய்வு எந்தக் காரணத்தால் நின்றது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

வெளிநாட்டில் ஆய்வு செய்து முடித்ததை இங்கே மறுபடியும் எதற்குச் செய்ய வேண்டும்?

நோயும் சூழலும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால். கடும் காய்ச்சலில் இரத்த ஓட்டம் குன்றிய குழந்தைக்கு வேகமாகத் திரவம் ஏற்றுவது பணக்கார நாடுகளில் நிலைபெற்ற வழக்கம். லண்டன் இம்பீரியல் கல்லூரி பொறுப்பேற்று கென்யா, உகாண்டா, தான்சானியாவில் 3,141 குழந்தைகளிடம் நடத்திய ஃபீஸ்ட் ஆய்வில், அப்படி வேகமாக ஏற்றிய பிரிவுகளில் 48 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 10.5 விழுக்காட்டினர் இறந்தார்கள். ஏற்றாத பிரிவில் 7.3 விழுக்காட்டினர். 2011இல் அந்த முடிவு வந்திராவிட்டால், நல்லது செய்வதாக எண்ணித் தொடர்ந்து தீங்கு செய்திருப்பார்கள்.

நம் ஊரிலும் இதற்குப் பெருமைக்குரிய சான்று ஒன்று இருக்கிறது. அது பல்கலைக்கழக ஆய்வு இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து 1956இல் தொடங்கியது. ஆனால் விற்பனை நோக்கமில்லாத ஆய்வு என்ற வகையில் இங்கே சேரும். காசநோயாளிகளைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் வைத்தே குணப்படுத்த முடியும் என்று உலகம் எண்ணிய காலம் அது. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை நெருக்கமான தம் வீடுகளிலேயே இருக்க வைத்தும், மறு பிரிவினரைத் தாம்பரம் சானடோரியத்தில் சேர்த்தும், ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அவர்களுடைய வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது.

முடிவை எங்களுக்குச் சொல்வார்களா? எங்கே பார்ப்பது?

சொல்ல வேண்டும்; ஆனால் பலர் சொல்வதில்லை. பங்கேற்றவர்களுக்கு முடிவை எளிய தமிழில் ஒரு பக்கத்தில் அனுப்புவது பெரிய வேலை இல்லை, அதை நிறுவனங்கள் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. நீங்களாகவே தேடிப் பார்க்க இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு இருக்கிறது. சி.டி.ஆர்.ஐ. என்பார்கள். 2007இல் தொடங்கியது, இணையத்தில் யாரும் கட்டணமில்லாமல் பார்க்கலாம். 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்த ஆய்வுகளை மட்டுமே அது ஏற்கிறது. முன்பே பதிவு செய்துவிட்டால், பாதகமான முடிவு வந்தபின் ஆய்வே நடக்காததுபோல மறைப்பது கடினம். தகவல் தாளில் அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். சித்த, ஆயுர்வேத ஆய்வுகளும் அதே பதிவேட்டில் இருக்கின்றன.

ஆய்வில் பலன் இருக்கிறது என்று வந்துவிட்டால், எல்லோரும் அந்த மருந்தை எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒவ்வொரு முடிவும் "யாருக்கு, எப்போது, எவ்வளவு" என்ற எல்லையோடுதான் வருகிறது. டெக்சாமெத்தசோன் பற்றிய ரெக்கவரி முடிவை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். செயற்கை சுவாசக் கருவியில் இருந்தவர்களில் இறப்பு 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. கருவி இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2லிருந்து 23.3 ஆனது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களில் பலனே இல்லை. வழக்கமான சிகிச்சையில் 14.0 விழுக்காடாக இருந்த இறப்பு, மருந்து பெற்றவர்களில் 17.8 ஆக இருந்தது. ஒரே மருந்து, ஒரே ஆய்வு, மூன்று விதமான விடைகள். ஆனால் செய்தி பரவியபோது "ஸ்டீராய்டு கொரோனாவுக்கு நல்லது" என்ற அரைகுறை வாக்கியமே பலர் காதில் விழுந்தது. 2021இல் இரண்டாம் அலையின்போது வீட்டிலிருந்தபடியே, காய்ச்சல் தொடங்கிய முதல் நாள்களிலேயே அதை விழுங்கியவர்கள் பலர். அந்த ஆண்டு கருப்புப் பூஞ்சை நோய் பெருகியதற்குக் கட்டுப்பாடில்லாத சர்க்கரை நோயோடு ஸ்டீராய்டின் தவறான பயன்பாடும் காரணம் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள்.

டிரனெக்சாமிக் அமிலத்துக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் உயிர் காக்கிறது. அதற்குப் பின் கொடுத்தவர்களில் இரத்தப்போக்கால் இறந்தவர்கள் 4.4 விழுக்காடு, வெற்று மருந்து பெற்றவர்களில் 3.1 விழுக்காடுதான். ஆகவே செய்தித்தாளில் ஓர் ஆய்வின் முடிவைப் படித்தால், அதில் சேர்க்கப்பட்டவர்கள் யார், அவர்கள் நோயின் எந்தக் கட்டத்தில் இருந்தார்கள், எந்த அளவு மருந்து எத்தனை நாள் கொடுக்கப்பட்டது என்ற விவரங்களைக் குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள்.